தாத்தா அணிந்ததா, டெய்லர் கடையில் தைத்ததா? ராணுவ ரிப்பன் செட் அசலா என்று பார்ப்பது எப்படி?

மயிலாப்பூரில் ஒரு பழைய வீடு அடுக்குமாடிக்காக இடிபடுகிறது. அடையாறில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டிலாகிவிட்டதால் வீட்டைக் காலி செய்கிறார்கள். பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியும் பழைய சாமானோடு சாமானாகப் போய்விடுகிறது. சில மாதம் கழித்து, அதற்குள் இருந்த கலர் கலரான ரிப்பன் பட்டை தி.நகரில் ஒரு சேகரிப்பாளரின் கைக்கு வருகிறது. கூடவே ஒரு பேச்சும் வருகிறது: "ஒரிஜினல் மிலிட்டரி செட் சார், சண்டைக்குப் போனவரோடது."

உண்மையான சரக்கு பெரும்பாலும் இப்படித்தான் சந்தைக்கு வருகிறது. போலியும் இதே கதையைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அப்போ எதை நம்புவது?

பலரும் முதலில் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ரிப்பன்களின் வரிசையைப் படிக்க வேண்டும்.

*ரிப்பன் செட் என்றால் என்ன?*

முக்கிய அணிவகுப்புகளில் வீரர்கள் முழு மெடலையும் தொங்கவிட்டுக்கொள்வார்கள். மற்ற நாட்களில் அந்த மெடல்களின் ரிப்பன் துண்டுகளை மட்டும் ஒரு பட்டையில் வரிசையாகப் பொருத்தி, சட்டையின் இடது பாக்கெட்டுக்கு மேலே குத்திக்கொள்வார்கள். இதுதான் ரிப்பன் செட். ஒவ்வொரு ரிப்பனும் வழக்கமாக 32 மில்லிமீட்டர் அகலம். எதிரே நின்று பார்க்கும் நமக்கு இடமிருந்து வலமாக, உயர்ந்த விருதிலிருந்து ஆரம்பித்து இறங்கிக்கொண்டே போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மெடலின் விளிம்பில் பெயர் பொறிக்கலாம். ரிப்பனில் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. அதோடு, புது மெடல் ஒன்று கிடைத்தால் போதும், பழைய பட்டையைக் கழற்றிவிட்டு மிலிட்டரி டெய்லரிடம் புதிதாக ஒன்று செய்து வாங்கிக்கொள்வார்கள். 30 வருடம் சர்வீஸ் போட்ட ஒருவர் நாலைந்து பட்டைகளை விட்டுப் போயிருக்கலாம். அத்தனையும் அசல்தான். அதே ரிப்பனை இன்றைக்கு வாங்கித் தைத்தாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைப் புதிது என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. '1971 போருக்குப் போனவர் அணிந்தது' என்று சொல்லும்போதுதான் அது மோசடி ஆகிறது.

*வரிசை சொல்லும் வாழ்க்கை*

ரிப்பன் செட் என்பது ஒருவரின் சர்வீஸ் புத்தகத்தைக் கலரில் எழுதியது மாதிரி. எங்கே போனார், எவ்வளவு காலம் இருந்தார் என்பதெல்லாம் அதில் தெரியும். அழகுக்காகத் தைப்பவர் கலரைப் பார்த்துச் சேர்ப்பார். அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

எளிய உதாரணம், சுதந்திர ஆண்டுவிழா பதக்கங்கள். 25-ம் ஆண்டு பதக்கம் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. 50-ம் ஆண்டு பதக்கம் 1997-ல் அதே நாளில் இருந்தவர்களுக்கு. 75-ம் ஆண்டு பதக்கம் 2022-க்கு. ஒரே பட்டையில் 25-ம் 50-ம் சேர்ந்து இருந்தால் அவர் 25 ஆண்டுகளாவது பணியில் இருந்திருக்கிறார். அப்படியானால் 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்டகால சேவைப் பதக்கங்களின் ரிப்பன்களும் அதே பட்டையில் இருக்கணும். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். 25-ம் 75-ம் ஒரே பட்டையில் இருக்கிறதா? 50 வருட சர்வீஸ்! கேள்வியே வேண்டாம், கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 'அமரன்' படத்துக்குப் பிறகு மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயர் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். 2014-ல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்த அவருக்கு அசோக் சக்ரா வழங்கப்பட்டது. அதன் ரிப்பன் பச்சை, நடுவில் ஒரே ஒரு ஆரஞ்சுக் கோடு. 2015 குடியரசு தினத்தன்று அந்த விருதைப் பெற்றுக்கொண்டவர் அவரது மனைவி. அதாவது, அந்த ரிப்பனை அவர் சட்டையில் ஒருநாளும் குத்தியதில்லை. பரங்கிமலையில் பயிற்சி முடித்து 1972-ல் அதிகாரியான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அப்படித்தான். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்த பிறகே அவருக்குப் பரம் வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இதுவரை வழங்கப்பட்ட 21 பரம் வீர் சக்ராக்களில் 14 மரணத்துக்குப் பிந்தையவை. ஆகவே மறைவுக்குப் பின் விருது பெற்ற ஒரு வீரர் 'அணிந்திருந்த' பட்டை என்று யாராவது அந்த ரிப்பனோடு நீட்டினால், துணியைத் தொட்டுக்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

வீரச் சக்ரங்களில் ரிப்பன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் முக்கியம். மகா வீர் சக்ரா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ரா பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. ஆரஞ்சுப் பாதி அணிபவரின் இடது தோள் பக்கம் வரவேண்டும். நமக்கு அது வலப்பக்கமாகத் தெரியும். திருப்பித் தைத்திருந்தால், அதை வாங்கியவரும் விற்றவரும் அணிந்தவரைப் பார்த்ததே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

உலகப் போர் ரிப்பன்கள் வந்தால் வேறு கணக்கு. முதல் உலகப் போரில் 1914-15 ஸ்டார் தனியாக வராது. பிரிட்டிஷ் வார் மெடலும் விக்டரி மெடலும் சேர்ந்தே வரும். ஸ்டார் முதலில், நடுவில் ஆரஞ்சும் ஓரங்களில் வெள்ளை, கறுப்பு, நீலமும் கொண்ட வார் மெடல் ரிப்பன், கடைசியில் வானவில் மாதிரியான விக்டரி ரிப்பன். 1914 ஸ்டார், 1914-15 ஸ்டார் இரண்டும் ஒரே ஆளுக்குக் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஸ்டாரும் பசிபிக் ஸ்டாரும் அதே மாதிரி. இரண்டுக்கும் தகுதி இருந்தாலும் ஒன்றைத்தான் அணியலாம். பர்மா முனைக்குப் போன தமிழ் சிப்பாய்கள் நிறைய என்பதால் நம் ஊரில் பர்மா ஸ்டார் செட் வருவது இயல்பு. அதோடு பசிபிக்கும் தனி ரிப்பனாக நின்றால் இயல்பு இல்லை.

*துணி, ஊசி, துரு*

வரிசை சரியாக வந்துவிட்டதா? இப்போ துணியைப் பார்க்கலாம்.

பல வருடம் வெயிலில் அணிந்த ரிப்பனின் முன்பக்கம் வெளுத்திருக்கும். பின்பக்கம், குறிப்பாக மடிப்புக்குள், பழைய நிறம் அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழுப்பாக இருந்தால் டீ டிகாக்‌ஷனில் முக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வரணும். ஊசி துருப்பிடித்திருந்தால் அந்தத் துரு துணியிலும் இறங்கியிருக்கும். ஊசி மட்டும் துரு, துணி சுத்தம் என்றால் இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை.

கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு இங்கேயும் உதவும். துணிக்கு வெண்மை கூட்டும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலாகின. 1919-ஐச் சேர்ந்தது என்று சொல்லப்படும் ரிப்பன் அந்த விளக்கில் நீல வெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிற்காலத்து நூல். ஆனால் அவசரப்பட வேண்டாம். பாட்டி ஆசையாக சோப்புப் பவுடர் போட்டு அலசி வைத்திருந்தாலும் பழைய துணி ஒளிரும். அந்தப் பவுடர்களிலும் அதே ரசாயனம் உண்டு.

மடிப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது பழைய முறை. பட்டு என்றால் முடி கருகும் வாடை. பருத்தி என்றால் காகிதம் எரியும் வாடை. பாலியஸ்டர் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிடும். இன்னொருவரின் பொருளில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

ரிப்பன் புதிது என்பதாலேயே மெடலும் போலி என்று முடிவு கட்டக் கூடாது. கிழிந்த ரிப்பனை வீரர்களே மாற்றுவார்கள், பேரப்பிள்ளைகள் ஃபிரேம் போடும்போதும் மாற்றுவார்கள்.

*மெடலோடு வந்தால் விளிம்பைப் பாருங்கள்*

ரிப்பனோடு மெடலும் வந்தால் நல்லது. அதில் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் 36 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. பெரும்பாலும் வெள்ளி. விளிம்பில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு அச்சால் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். லேசரில் கீறியது போல இருந்தால் நின்று பாருங்கள். பழைய பெயரை அரத்தால் தேய்த்துவிட்டு, விலை போகும் பெயரைப் பதிப்பது பழைய தந்திரம். வெர்னியர் காலிப்பரில் வைத்தால் விட்டம் குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர் ஸ்டார்களில் ஒரு வித்தியாசம் உண்டு. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இல்லாமல் வழங்கப்பட்டன, இந்தியப் படையினருக்குப் பெயரோடு வழங்கப்பட்டன. 'இந்திய சிப்பாயின் பர்மா ஸ்டார்' என்று பெயரே இல்லாத ஒன்றைக் காட்டினால் காரணம் கேட்கலாம்.

படைப்பிரிவின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வரலாற்றை 1758-லிருந்து கணக்கிடுகிறது. ஆனால் முதல் உலகப் போர் நடந்தபோது அந்தப் பெயரில் ஒரு படைப்பிரிவு இல்லை. அப்போது இருந்தவை 75-வது கர்நாடிக் காலாட்படை, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி போன்றவை. 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற பெயர் 1922-ல்தான் வந்தது. போலி செய்பவருக்கு 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்ற பெயர்தான் தெரியும். 1914-15 ஸ்டாரில் அந்தப் பெயரைப் பார்த்தால் ஆழமாக விசாரியுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு ஆசை காட்டும் இன்னொரு பெயர் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் மீது குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலை, நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வீழ்த்தியது. எம்டனில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களை நினைவுப் பதக்கமாக மாற்றினார்கள். அது நினைவுப் பொருள், அரசு வழங்கிய போர்ப் பதக்கம் இல்லை. அதைப் பதக்க வரிசையில் சேர்த்துத் தைத்திருந்தால் அந்தச் செட்டே யாரோ பிற்பாடு சேர்த்தது.

*அசல்தான், ஆனால் யாருடையது?*

எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகும் ஒரு கேள்வி பாக்கி. ஹிமாச்சலைச் சேர்ந்த நாயக் கிர்பா ராம், 1945-ல் பெங்களூரு அருகே தொண்டேபாவியில் பயிற்சியின்போது, தவறி விழுந்த குண்டிலிருந்து சக வீரர்களைக் காக்கப் பாய்ந்து உயிர்விட்டவர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அவரது மனைவி பாதுகாத்து வைத்திருந்த அந்தப் பதக்கம் 2002-ல் வீட்டிலிருந்து திருடு போனது. 2009-ல் அது லண்டன் ஏல நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பட்டியலில் தலைகாட்டியது. அடையாளம் கண்டவர்கள் குரல் கொடுத்ததால் விற்பனை நின்றது. பல ஆண்டு சட்டப் போராட்டத்துக்குப் பிறகே அந்த மூதாட்டியின் கைக்கு அது திரும்பியது. நூற்றுக்கு நூறு அசல் பதக்கம். அதை விற்க வந்தவருக்கு மட்டும் உரிமை இல்லை.

எனவே விற்பவரிடம் "இது உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேளுங்கள். குடும்பத்தின் கடிதம், பணி விடுவிப்புப் புத்தகம், யூனிஃபார்மில் இருக்கும் பழைய போட்டோ எதுவாக இருந்தாலும் சரி. போட்டோ இருந்தால் பட்டையை அதோடு வைத்து ஒப்பிடலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட எத்தனை ரிப்பன், எத்தனை கோடு என்று எண்ணிவிடலாம்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

ரிப்பன் செட்டைச் சேகரித்து வைத்திருப்பது குற்றம் இல்லை. படையில் இல்லாத ஒருவர், ராணுவ வீரர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் நோக்கத்தோடு அதை அணிந்தால் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவில் இதற்கு 3 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பணியில் இருப்பவர் தனக்கு வழங்கப்பட்ட பதக்கத்தை விற்பதோ அடகு வைப்பதோ 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டப்படி குற்றம்.

வெளிநாட்டு வாங்குபவருக்கு அனுப்ப நினைப்பவர்கள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். வரலாற்று மதிப்புள்ள, 100 ஆண்டு கடந்த பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. முதல் உலகப் போர் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

*எங்கே சரிபார்ப்பது?*

வீர விருது என்றால் வேலை சுலபம். விருது பெற்றவர்களின் பெயர்கள் மத்திய அரசின் வீர விருதுகள் இணையதளத்தில் இருக்கின்றன, அரசிதழிலும் வெளியாகியிருக்கும். உலகப் போர்களில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், எண், படைப்பிரிவு வைத்துத் தேடலாம். நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறையைப் பராமரிப்பதும் அந்த ஆணையம்தான். அசல் பதக்கங்கள் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்க, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

குடும்பத்தின் பதக்கங்களைத் தொலைத்தவர்கள் சந்தையில் தேடி அலைவதற்கு முன், வீரரின் படைப்பிரிவு ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. படை எண்ணும் பெயரும் தெரிந்திருந்தால் போதும், அவருக்கு என்னென்ன பதக்கம் உரியது என்று அங்கே கேட்கலாம். எண் தெரியாதவர்கள் ஓய்வூதிய ஆவணத்தில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள்.