செய்நிரலாக்கத்திற் பொறியின் துணை: ஒரு வரலாற்று நோக்கு

கணினிக்குக் கட்டளை எழுதுதலையே தொழிலாகக் கொண்டோர் அவ்வெழுத்து வேலையைக் கணினியிடமே ஒப்புவிக்கத் தொடங்கியுள்ளனர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மென்பொருட் பொறியியலாளரின் அன்றாட வேலையிற் புகுந்தமை முன்பின் காணாத புதுமையென்பர் பலர். தொழிலின் அழிவென்று அஞ்சுவாரும் உளர். இவ்விரு கூற்றுக்களின் பொருத்தத்தை அறிதற்கு அத்தொழிலின் வரலாற்றையே நாம் துணைக்கொள்ளல் வேண்டும்.

கணினி தோன்றிய காலத்தில் அதற்குரிய கட்டளைகள் யாவும் எண்களாகவும் குறிகளாகவும் கையினாலேயே எழுதப்பட்டன. வாசார் கல்லூரியிற் கணித ஆசிரியையாக விளங்கிய கிறேஸ் ஹொப்பர் 1943 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்து, 1944 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் மார்க் 1 என்னும் பொறியில் வேலைசெய்யலானார். அங்கே பணிபுரிந்தோர் முன்னர்ச் சரியென அறியப்பட்ட கட்டளைத் தொகுதிகளைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, வேண்டியபோது பார்த்தெழுதினர். பார்த்தெழுதுங்கால் எண்கள் பிறழ்ந்தன, பிழைகள் மலிந்தன. பார்த்தெழுதும் வேலையைப் பொறியே செய்தாலென்ன என்னும் வினா ஹொப்பரிடம் எழுந்தது. அதன் பயனாக, யூனிவாக் கணினிக்கென 1952 ஆம் ஆண்டளவில் ஏ-0 என்னும் தொகுப்பான் உருவாயிற்று. நாடாவிற் பதிந்துவைத்த கட்டளைத் தொகுதிகளை அவற்றின் குறியெண்கொண்டு தேடியெடுத்து, ஒரு முழுச் செய்நிரலாகக் கோத்துக்கொடுத்தலே அதன் தொழில். ஆயினும் அதனைத் தீண்டுவாரில்லை. கணினி கணக்குச் செய்யுமேயன்றிச் செய்நிரல் எழுதாதெனத் தமக்குச் சொல்லப்பட்டதாக ஹொப்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அடுத்த பெரும் முயற்சி ஐ. பி. எம். நிறுவனத்தில் நிகழ்ந்தது. 1953 இன் இறுதியில் ஜோன் பாக்கஸ் என்பார், கணிதச் சூத்திரம் போன்ற வடிவில் எழுதியதைப் பொறிமொழிக்கு மாற்றும் முறையொன்றை அமைக்க அனுமதி வேண்டினார். அக்காலத்திற் கணினி நிலையங்களின் செலவிற் பெரும்பகுதி செய்நிரல் எழுதுவதிலும் பிழை களைவதிலுமே கழிந்தமை அம்முயற்சிக்குக் காரணமாயிற்று. பாக்கஸ் குழுவினர் ஆறு திங்களில் முடியுமெனப் பலகாலும் கூறிவர, போட்ரான் என்னும் அம்மொழி 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவெய்தியது. தேர்ந்த செய்நிரலாளர் பலர் அதனை ஐயுற்றனர். கையால் எழுதிய கட்டளையின் விரைவினைப் பொறி ஒருபோதும் எட்டாதென்பது அவர்தம் துணிபு. மறைபொருள் காக்கும் குருக்கள் குலம்போல அவர்கள் தம் கலையைப் போற்றினரெனப் பாக்கஸ் பின்னர் எழுதினார்.

அவ்வையம் நீங்கியது எங்ஙனம்? விளம்பரத்தினாலன்று, சோதனையினாலேயாம். 1957 ஏப்பிரலிற் பிற்ஸ்பேர்க் நகருக்கணித்தான வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் பெற்றிஸ் ஆய்வுகூடத்திற்குப் போட்ரான் தொகுப்பான் அட்டைக்கட்டாக வந்துசேர்ந்தது. அங்குள்ளோர் தாம் எழுதிய செய்நிரலை அதனிடம் கொடுத்தபோது, ஓரிடத்திற் காற்புள்ளி விடுபட்டுளதெனப் பொறி பிழை காட்டி நின்றது. புள்ளியை இட்டபின் வேலை நடந்தது. விடைகள் மீண்டும் மீண்டும் சரியாக வந்தன, விரைவும் குன்றவில்லை. அடுத்த ஆண்டில் 26 நிலையங்களில் எடுத்த கணக்கின்படி, அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை தம் கணக்குகளிற் பாதிக்கு மேலானவற்றைப் போட்ரானிலேயே செய்தன. தொகுப்பான் ஆக்கிய பொறிமொழியை வரிவரியாக வாசித்துப் பார்க்கும் வழக்கமும் நாளடைவில் அருகிற்று.

எழுத்து வேலை குறைந்தபின் தொழிலின் இடர் தீர்ந்ததோவெனின், அதுவுமன்று. 1968 இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரிற் கூடிய அறிஞர், பெரிய மென்பொருள்கள் காலந்தாழ்த்தியும் பிழை மலிந்தும் வெளிவருதலைக் குறித்தே விவாதித்தனர். 1976 இல் மைக்கல் பேகன், ஒருவர் எழுதியதைச் சகபாடிகள் கூடி வாசித்துப் பிழை காணும் முறையொன்றை வகுத்து வெளியிட்டார். பிரடெரிக் புரூக்ஸ் 1986 இல், மென்பொருளின் இடர்களை இருவகையாகப் பகுத்தார்: எழுதும் முறையால் வருவன ஒருவகை, செய்யவேண்டியது யாதெனத் தெளிதலில் உள்ளவை மற்றொருவகை. முன்னையதைக் கருவிகள் குறைக்கும்; பின்னையது எளிதிற் குறையாது என்பது அவர் முடிபு.

இப்பின்னணியிலேயே இன்றைய கருவிகளை வைத்து நோக்கல் தகும். 2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் முன்னோட்டமாகவும், 2022 யூனிற் பொதுவாகவும் கிற்ஹப் கோபைலற் வெளிவந்தது. அதன்பின் அத்தகைய கருவிகள் பல்கின. இன்று ஒரு பொறியியலாளர் தமக்கு வேண்டியதைச் சாதாரண வாக்கியத்திற் கூறுகின்றார். கருவி செய்நிரலின் முதல் வரைவைத் தருகின்றது. பழைய செய்நிரலுக்கு விளக்கம் கூறல், சோதனைகளை எழுதல், பிழையின் காரணத்தை ஊகித்தல் என்பனவும் அதன் பணிகளாயின.

இதனால் விளைந்த பயன் பற்றிய ஆய்வுகள் ஒருமுகப்பட்டனவல்ல. 2023 இல் வெளியான ஓர் ஆய்வில், கோபைலற் துணையுடன் சிறியதொரு சேவையகச் செய்நிரலை எழுதினோர் துணையின்றி எழுதினோரிலும் 55.8 வீதம் விரைவாக முடித்தனர். அவ்வாய்வில் அக்கருவியை வெளியிட்ட நிறுவனத்தாரும் பங்குபற்றினர் என்பதை வரலாற்று மாணவர் கருத்திற் கொள்ளல் வேண்டும். 2025 இல் மெற்றர் என்னும் நிறுவனம், தாம் நெடுநாட் பழகிய பெருஞ்செய்நிரல்களில் வேலைசெய்த 16 பேரை 246 பணிகளில் ஆராய்ந்தது. கருவியைப் பயன்படுத்திய பணிகளில் அவர்களுக்கு 19 வீதம் அதிக நேரம் சென்றது. ஆயின், பணி முடிந்தபின்னும் தாம் 20 வீதம் விரைந்ததாகவே அவர்கள் கருதினர்! தன் விரைவைத் தானே மதிப்பிடுவார்க்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை வேண்டியதில்லை.

பழைய கருவிக்கும் புதியதற்குமுள்ள வேறுபாடு இவ்விடத்தே புலப்படும். தொகுப்பான் வரையறுத்த இலக்கணத்துக்கு அமைந்தது. ஒரே மூலத்திற்கு ஒரே விளைவைத் தருவது. காற்புள்ளி குறையினும் நின்றுவிடுவது. ஆதலின் அதன் விளைவை வாசியாது நம்புதல் நியாயமாயிற்று. புதிய கருவியோ, பெருந்திரளான எழுத்துக்களிற் பயின்று, அடுத்து வரத்தக்கது யாதென நிகழ்தகவினால் தெரிந்துரைப்பது. ஒரே வேண்டுகோளுக்கு இருவேறு விடைகளைத் தருதலும் கூடும். வேண்டுகோள் தெளிவற்றதாயின், நின்று வினவாது தான் ஊகித்த ஒன்றையே செவ்விய நடையில் எழுதித் தருதலும் உண்டு. இல்லாத துணைநிரற் பெயரை உள்ளதுபோற் குறித்தலும் அறியப்பட்டதே. எனவே போட்ரானுக்குக் கொடுத்த நம்பிக்கையை இதற்கும் அவ்வாறே கொடுத்தல் வரலாற்றைப் பிழைபட வாசித்தலாகும். எழுதும் பாரம் குறையுந்தோறும் வாசிக்கும் பாரம் மிகுகின்றது.

வாசிக்கும் ஆற்றல் எங்கிருந்து வரும் என்பதே இங்கு நாம் ஆராயவேண்டிய பெரிய வினா. பிறர் எழுதியதிற் குற்றம் காணவல்லோர் யாவரும் முன்னர்த் தாமே எழுதி, பிழைபட்டு, திருத்திக் கற்றவரே. புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு வழங்கப்பட்டுவந்த சிறுசிறு வேலைகளே அவர்தம் பயிற்சிக்களம். அவ்வேலைகளையெல்லாம் கருவி கவர்ந்துகொள்ளுமாயின், இன்றைய மூத்தோர் ஓய்வுபெற்றபின் கருவியின் எழுத்தை ஆராய்வார் யார்? ஆகவே இதனை ஏற்கும் குழுவினர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நன்று. இளையோர் சில பணிகளையேனும் துணையின்றிச் செய்து பழகல் வேண்டும். கருவி தந்த வரைவை விளக்கவல்லவரே அதனைத் தம் பெயராற் சமர்ப்பித்தல் வேண்டும். விரைவினை அளக்குங்காற் பின்னர் பிழை திருத்தச் சென்ற நேரத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.

ஹொப்பரின் தொகுப்பானைத் தீண்ட மறுத்தோர் தவறினர். போட்ரானைச் சோதித்தபின் ஏற்றோர் பயன்பெற்றனர். வெறுத்தொதுக்கலும் வாசியாது நம்பலும் இரண்டும் தவறே. நம் மாணவருள் இத்தொழிலை நாடுவோர், விடை காணும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும், விடையின் சரிபிழை அறியும் அறிவைத் தாமே தேடிக்கொள்ளல் கடன் என்பதை உணர்வாராக.