பால்கனியில் பிறந்த வலைத்தளம்

உலகின் முதல் வலைத்தளம் ஓடியது ஒரு மேசைக் கம்ப்யூட்டரில்தான். ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், 1990ஆம் ஆண்டின் கடைசியில், டிம் பெர்னர்ஸ்-லீ வைத்திருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் அது. அவர் எழுதியதும் அதில்தான். மற்றவர்கள் எடுத்துப் படித்ததும் அதிலிருந்துதான். யாராவது தெரியாமல் நிறுத்திவிட்டால் வலையே நின்றுவிடும். அதனால் 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்று சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. சீட்டோடு சேர்த்து அந்தக் கம்ப்யூட்டரை இன்றும் பாதுகாத்து வருகிறார்கள்.

அந்தச் சீட்டில் இருந்ததே பிறகு வலையுலகத்தின் சட்டமாகிப்போனது. வலைத்தளம் என்றால் 24 மணி நேரமும் ஓட வேண்டும், ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. இதற்கு ஜெனரேட்டர் வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், ஒன்று பழுதானால் கைகொடுக்க இன்னொரு சர்வர் வேண்டும். எந்த வீட்டில் இவ்வளவும் முடியும்? எனவே நம் எழுத்தையும் படத்தையும் நிறுவனங்களின் கட்டடங்களில் கொண்டுபோய் வைத்தோம். அவர்கள் மனம் வைத்திருக்கும்வரை அவை இருந்தன. தனிமனிதர்களின் பக்கங்களால் நிரம்பிய ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் இருந்த இடத்திலிருந்து ஒரே நாளில் மறைந்தன. ஆர்வலர்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்துவைத்ததால்தான் அவற்றில் ஒரு பகுதியாவது பிழைத்தது.

2018இல் பார்சிலோனாவில் ஒருவர் இந்தச் சட்டத்தையே மாற்றிப் பார்த்தார். வலைத்தளம் அவ்வப்போது நின்றால்தான் என்ன?

அவர் கிரிஸ் டி டெக்கர். பெல்ஜியத்துக்காரர், 2007 முதல் 'லோ-டெக் மேகசின்' நடத்தி வருபவர். மறந்துபோன பழைய தொழில்நுட்பங்களில் இன்றைக்கு உதவக்கூடியவை எவை என்று தேடித் தேடி எழுதும் இதழ் அது. இணையம் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதையும் அவர் எழுதியிருந்தார். எழுதியதைத் தன் இதழிலேயே செய்து காட்ட முடிவெடுத்தார். வடிவமைப்பாளர் மேரி ஒட்சுகாவும் ரூல் ரோஸ்காம் அப்பிங்கும் கைகோத்தார்கள். இதழின் புதிய தளம் அவர் வீட்டுக்குள்ளேயே, பால்கனியில் விழும் வெயிலில் ஓட வேண்டும். திட்டம் இவ்வளவுதான்.

சர்வராக வந்தது பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதற்குத் தேவையான மின்சாரம் 1 முதல் 2.5 வாட். நம் வீட்டுக் கூடத்தில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு செலவழிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 50 வாட் சோலார் பேனல் ஒன்று பால்கனியில் ஏறியது. இரவுக்கு ஒரு லெட்-ஆசிட் பேட்டரி. நம் ஊர் இன்வெர்ட்டரில் இருக்கும் அதே வகை, ஆனால் மிகச் சிறியது. தொடர்ந்து சில நாள் மேகம் மூடினால் பேட்டரி தீரும், தளம் நிற்கும். வெயில் வந்ததும் தானே எழுந்துகொள்ளும்.

போர்டையும் பேனலையும் வாங்கிவிடலாம். உண்மையான உழைப்பு பக்கங்களை இளைக்க வைத்ததில்தான் இருந்தது. இன்றைய வலைத்தளங்கள் பெரும்பாலும், யாராவது கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தைத் துழாவி, பக்கத்தைப் புதிதாகத் தொகுத்துக் கொடுப்பவை. ஒவ்வொரு முறையும் சர்வர் வேலை செய்தாக வேண்டும். இவர்கள் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே உருவாக்கி, வெறும் கோப்புகளாக வைத்துவிட்டார்கள். கேட்டவருக்குக் கோப்பை எடுத்து நீட்டுவதோடு சர்வரின் வேலை முடிந்தது. எழுத்துருக் கோப்பு தனியாகக் கிடையாது. படிப்பவரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவே போதும். விளம்பரமும் இல்லை, வாசகரைப் பின்தொடரும் நிரல்களும் இல்லை.

படங்களுக்குச் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. வண்ணத்தை நீக்கி, சாம்பல் நிறத்தின் சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைப் புள்ளிகளாக மாற்றினார்கள். பழைய செய்தித்தாள் புகைப்படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. கோப்பின் எடை பெருமளவு குறைந்தது. பிறகு கட்டுரையின் பிரிவுக்கு ஏற்ப, பிரௌசரே அந்தப் படத்தின்மேல் ஒரு நிறத்தைப் பூசிவிடும். சிக்கனத்துக்காகச் செய்ததுதான், ஆனால் இதழுக்கென்று ஒரு முகம் அதிலிருந்தே பிறந்தது.

பக்கத்தைத் திறந்தால் பின்னணி இரண்டு நிறமாகப் பிரிந்திருக்கும். அந்தக் கோடு நிற்கும் உயரம்தான் அந்த நேரத்தில் பேட்டரியில் மிச்சமிருக்கும் சார்ஜ். கூடவே பார்சிலோனாவின் வானிலை முன்னறிவிப்பும் இருக்கும். நாளை மேகமூட்டம் என்று கண்டால், வேண்டியதை இன்றே படித்துக்கொள்ளலாம். நாம் படிப்பது எங்கோ ஒரு வீட்டில் இருக்கும் ஒரு பொருளிலிருந்து வருகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் வேறொரு தளத்தை நான் பார்த்ததில்லை.

முடிவு என்ன ஆனது? 2018 டிசம்பர் முதல் 2019 நவம்பர் வரை 351 நாள் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். 95.26 சதவீத நேரம் தளம் ஓடியது. மோசமான வானிலையால் நின்றது 399 மணி நேரம். அதில் பெரும்பகுதி கடைசி இரண்டு மாதங்களில் நேர்ந்தது. மென்பொருளை மேம்படுத்தியதில் சர்வரின் மின்செலவு கூடி, அந்த இரண்டு மாதங்களில் தளம் ஓடிய நேரம் 80 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சரி, பெரிய பேட்டரி வைத்தால் எப்போதும் ஓடுமே என்று கேட்கலாம். அந்தப் பேட்டரியைத் தயாரிக்கவும் ஆற்றல் செலவாகிறது. ஆண்டில் சில நாள் மேகத்துக்காக அவ்வளவு பெரிய பேட்டரி வேண்டாம் என்பதுதான் அவர்கள் கணக்குப் போட்டுக் கண்ட முடிவு. ரவுட்டர் மட்டும் வீட்டு மின்சாரத்தில்தான் ஓடுகிறது, சர்வரைவிடப் பல மடங்கு அதிகமாகவே இழுக்கிறது என்பதையும் அவர்கள் ஒளிக்கவில்லை.

ஐந்து நிமிட மின்வெட்டுக்குப் பயந்து நம் வீட்டுக் கதையை ஏதோ ஒரு நாட்டின் கட்டடத்தில் வைத்திருக்கிறோம். ஒரு தாத்தாவின் கடிதங்களோ ஊர்க் கோயிலின் பழைய படங்களோ நள்ளிரவு மூன்று மணிக்குக் கிடைக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படிப்பட்ட தளத்துக்கு வீடே போதும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போர்டு வாங்குவதற்கு முன் உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் காட்டும் வெளி ஐபி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரவுட்டரில் 80, 443 போர்ட்டுகளைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து வருபவர்கள் உங்கள் சர்வரை அடைய முடியாது. இணைய இணைப்பு தருபவரிடம் நிலையான பொது முகவரி கேளுங்கள், அல்லது ஐபிவி6 இருக்கிறதா என்று விசாரியுங்கள். அது கிடைத்துவிட்டால் பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பே தொடங்கப் போதும்.