அஞ்சடி வழக்கு

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா முதலிய பழைய நகரங்களில், கடைவரிசைகளின் முன்னே மேல்மாடியின் நிழலில் தூண்களுக்கும் சுவருக்கும் இடையே ஓடும் நடைபாதையைத் தமிழ் மக்கள் 'அஞ்சடி' என்பர். மலாய்க்காரர் அதனைக் 'காக்கி லீமா' என்று வழங்குவர். 'காக்கி' என்பது கால்; அடி அளவையும் அச்சொல்லே குறிக்கும். 'லீமா' என்பது ஐந்து. ஹொக்கியன் சீனர் தம் மொழியின் 'கோ' என்னும் ஐந்தோடு மலாய்க் 'காக்கி'யை ஒட்டவைத்துக் 'கோ காக்கி' என்றனர். மூன்று இனத்தாரும் ஒரே அளவைக் கொண்டு ஒரே பொருளுக்குப் பெயரிட்டிருப்பது வியப்பன்று. அவர்கள் யாவரும் நடந்ததும் அங்கேதான், பூசலிட்டதும் அங்கேதான். இந்தோனேசியாவில் இச்சொல் அடைந்த மாறுதலோ இன்னும் சுவையானது. அங்கே 'காக்கி லீமா' என்றால் தெருவோர வியாபாரி என்று பொருள். பாதையின் பெயர் அப்பாதையில் கடைவிரித்தவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்குத் தள்ளுவண்டியின் கால்களையும் மனிதன் கால்களையும் கூட்டி ஐந்தென்று கணக்குச் சொல்வாரும் உளர். கேட்பதற்கு நன்றாயிருக்கிறது என்பதற்கு மேல் அதனைப் பாராட்டுவதற்கில்லை.

அஞ்சடியின் தோற்றத்தை ஆராயப் புகுவோர் 1822ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாளில் தொடங்குவர். அன்று ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், நகரை வகுப்பதற்கென அமைத்த குழுவினருக்குத் தம் கட்டளைகளை எழுதிக் கொடுத்தார். செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகளின் முகப்பு ஒரே சீராய் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த ஓர் ஆழத்தில் தாழ்வாரம் விடுதல் வேண்டும். அது எக்காலத்தும் திறந்திருந்து, தெருவின் இருமருங்கும் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட வழியாய் அமைதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஐந்தடி என்னும் எண் அக்கட்டளையில் இல்லை என்பதைக் கருத்திற் கொள்க. எண் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையில் ஆறு, ஏழு அடி அகலமுள்ள அஞ்சடிகளும் உண்டு; பெயர் மட்டும் மாறவில்லை.

வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் நாட்டிற்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. எனினும், பிற்காலப் பூசல்கள் அனைத்திற்கும் வித்து அந்தக் கட்டளைக்குள்ளேயே கிடந்தது. தாழ்வாரத்தின் நிலம் யாருடையது? கடைவீட்டுக்காரனுடையது. தூணும் தளமும் அவன் செலவில் எழுந்தவை; அவற்றின் மேலே நிற்பது அவன் வீட்டு மாடியறை. ஆனால் அதன்மீது நடக்கும் உரிமை யாருக்கு? ஊராருக்கு. மண் ஒருவனுக்கு, வழி எல்லாருக்கும் என்னும் இந்த முடிச்சை அவிழ்ப்பது எளிதன்று. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் தம் ஊரில் திண்ணையை அறிந்தவர்கள். திண்ணையில் வழிப்போக்கன் அமர்வது வீட்டுக்காரரின் அன்பினால்; எழுந்து போ என்று அவர் சொன்னால் போகவேண்டியதுதான். அஞ்சடி அப்படியன்று. இங்கே வழிப்போக்கனுக்கு உரிமை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இவ்விரண்டிற்கும் உள்ள இந்த வேற்றுமை பலருக்குப் புலனாகாமற் போனதில் குற்றமில்லை.

கடைவீட்டின் அமைப்பையும் ஈண்டுச் சிறிது நோக்க வேண்டும். குறுக்கே கிடத்தும் மரவிட்டத்தின் நீளத்தையொட்டி அதன் அகலம் பெரும்பாலும் 16 அடி முதல் 20 அடிக்குள் அடங்கும். நீளமோ பின்னோக்கிப் போய்க்கொண்டேயிருக்கும். கீழே கடை, மேலே குடும்பம். பல வேளைகளில் மேலே ஒன்றன்று, பல குடும்பங்கள். தொழிலும் குடித்தனமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. இடம் போதாதபோது தொழில் எந்தப் பக்கம் வழியும்? முன்பக்கம்தான். அரிசி மூட்டை, எண்ணெய்ப் பீப்பாய், கருவாட்டுக் கூடை யாவும் அஞ்சடிக்கு வந்தன. தச்சன் அங்கே இழைப்புளி போட்டான். தையற்காரர் அங்கே பொறியை வைத்துக்கொண்டார். கடைக்காரரோ, தமக்கு வேண்டாத மூலையை நாவிதருக்கும் கடிதம் எழுதுவோருக்கும் பலகாரம் விற்போருக்கும் வாடகைக்கு விட்டார். பொதுவழியை வாடகைக்கு விடுதல் முறையோ எனலாம். ஆயினும், கடைக்கு வாடகை கொடுக்க இயலாதவனுக்குத் தொழில் தொடங்க அதைவிட மலிவான இடம் நகரில் வேறெங்கும் கிடைத்திராது என்பதையும் மறுக்கவியலாது.

தமிழர் பலர் இவ்வாறுதான் நகரில் வேரூன்றினர். கண்ணாடிப் பெட்டியொன்றை முன்னால் வைத்துக்கொண்டு நாணயம் மாற்றிக் கொடுத்த தமிழ் முஸ்லிம்கள், பூத்தொடுத்தவர்கள், கச்சான் கடலையும் முறுக்கும் தட்டில் அடுக்கி விற்றவர்கள், கிளிக்கூண்டோடு அமர்ந்து சோதிடம் பார்த்தவர்கள் ஆகிய யாவர்க்கும் அஞ்சடியே கடை, அஞ்சடியே முகவரி. சிராங்கூன் சாலைப் பகுதியில் பூக்கடைகளின் மணம் இன்றும் அஞ்சடியிலேதான் தேங்கி நிற்கின்றது. மார்க்கெட் ஸ்திரீட்டின் செட்டியார் கிட்டங்கிகள் இதற்கு மாறானவை. அவர்களுடைய பெட்டியடி வாணிபம் முழுவதும் உள்ளேயே நிகழ்ந்தது. அதனால் அஞ்சடிப் பூசலில் அவர்கள் பெயர் அதிகம் அடிபடவில்லை போலும்!

அயலார் பூசல் எழுந்தது இரண்டு வகையில். ஒவ்வோர் உரிமையாளரும் தத்தம் விருப்பப்படி தளம் இட்டமையால் ஒரு வீட்டின் அஞ்சடி உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் கிடந்தன. மழைநீர் தாழ்ந்தவன் வாசலிற் போய் நின்றது. அது சிறு தொல்லை. பெருந்தொல்லை வேறு. வரிசையிலுள்ள இருபது கடைகளில் ஒருவன் மட்டும் தன் தூணுக்கும் சுவருக்கும் இடையே சரக்கை அடுக்கினாலும், பலகையால் அடைத்தாலும், மற்றைப் பத்தொன்பதின் வழியும் அறுந்துபோம். நடப்பவர் சாக்கடையைத் தாண்டி மாட்டுவண்டிகளுக்கு நடுவே தெருவில் இறங்கவேண்டும். அவ்வாறு இறங்கியவர் அடுத்த கடைக்கு மீண்டும் ஏறுவது ஐயமே. ஆகவே ஒருவனது அடைப்பு அடுத்தவனது வாணிபத்தைக் கெடுத்தது. அடுத்தவனும் தன் பங்குக்கு அடைத்தான்.

நகராண்மைக் கழகம் இதனைப் பலகாலும் சரிசெய்ய முயன்று தோற்றது. 1872ஆம் ஆண்டில் அங்காடிக்காரர்மேல் காவலர் எடுத்த நடவடிக்கை கலகமாகவே முடிந்தது. பின்னர் 1887ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம், அஞ்சடிகளிலுள்ள தடைகளை அகற்றும் அதிகாரத்தைக் கழகத்திற்குத் தந்தது. கழகத் தலைவராயிருந்த டாக்டர் ரோவெல் அதனை உடனே கையாள விரும்பினார். அவர் மருத்துவர், நெரிசலையும் அழுக்கையும் அவர் கண்ட கண் வேறு. வாணிபத்தைப் பெரிதெனக் கருதிய ஆணையர் சிலரோ, இவ்வளவு கடுமை வேண்டா என்றனர். கழகத்திற்குள்ளேயே இவ்வாறு இருவேறு குரல் எழுந்துகொண்டிருக்கையில், தடைகளை அகற்றும் வேலை தொடங்கிவிட்டது.

1888ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் கடைக்காரர் தம் கதவுகளை அடைத்தனர். தெருக்களில் கூட்டம் திரண்டது. அப்போது நகரில் நீராவி டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேலும், அதில் சென்ற ஐரோப்பியர்மேலும் கல்லெறி விழுந்தது. மூன்று நாட்கள் நகரின் வாணிபம் நிலைகுத்தி நின்றது. 'வராந்தாக் கலகம்' என வரலாற்றில் இடம்பெற்றது இதுவே. இரகசியக் கூட்டத்தார் தூண்டினர் என்று அதிகாரிகள் பழி சுமத்தினர். அவர்கள் கை இருந்திருக்கலாம். ஆனால், கைச்சரக்கை வைக்க இடமின்றித் தவித்த கடைக்காரனுக்குத் தூண்டுதல் வெளியிலிருந்து வரவேண்டிய தேவையில்லை.

முடிவில் ஏற்பட்டது ஓர் இடைவழி. அஞ்சடியை முழுதும் காலிசெய்ய வேண்டுவதில்லை. நடப்பவர்க்குப் போதிய வழி விட்டுச் சரக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது அது. சட்டம் எழுத்தில் நின்றது. வழக்கம் தெருவில் நின்றது. 'போதிய வழி' எவ்வளவு என்னும் வினா ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வாசலிலும் புதிதாகத் தீர்க்கப்பட்டு வந்தது. இத்தீர்வு சரியானதா என்று கேட்போர், கண் தெரியாதவரையும், பிள்ளையை இடுப்பில் சுமந்த தாயையும், தலைச்சுமைக்காரரையும் நினைத்துப் பார்த்துக் கேட்பது நலம். இடைவழியைப் பேசி முடித்தோர் கடைக்காரரும் ஆணையருமே. நடந்தவர் அதில் இல்லை.

1907ஆம் ஆண்டில் பேராசிரியர் சிம்சன் நகரின் சுகாதார நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தபோது, கடைவீடுகளின் பின்பக்கத்தை நோக்கினார். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே பின்சந்து வெட்டினாலன்றிக் காற்றும் வெளிச்சமும் புகா, கழிவும் வெளியேறாது என்பது அவர் கருத்து. 1927ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியத்தின் தொடக்கப் பணிகளுள் பின்சந்து வெட்டுதல் முக்கியமானது. பின்னால் சந்து பிறந்ததும் அங்கும் அடுப்பும் கூடையும் வந்து சேர்ந்தன. மலேசியாவில், 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் நடைபாதை என்பதனுள் அஞ்சடியையும் அடக்கிற்று. ஆயினும் பினாங்கில் அஞ்சடியை அடைத்த கடைகளைக் காண நெடுந்தூரம் நடக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர் மக்களுள் பெரும்பாலோர் இன்று கடைவீட்டில் இல்லை. 1960ஆம் ஆண்டில் அமைந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். தெருவோர அங்காடிக்காரர் 1970களிலும் 1980களிலும் அங்காடி நிலையங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அஞ்சடியின் இடத்தை மாடித் தாழ்வாரம் பிடித்துக்கொண்டது. பூத்தொட்டி, செருப்பு அடுக்கு, மிதிவண்டி, பழைய அலமாரி என்று அங்கும் வழி குறுகுகின்றது. வீட்டிலிருந்தபடியே பலகாரம் செய்து கொடுக்கவும் துணி தைத்துக் கொடுக்கவும் கழகம் இசைகின்றது. அயலாருக்குத் தொல்லை கூடாது, வீட்டில் வாழாத வேலையாளை வைத்துக்கொள்ளலாகாது என்பன நிபந்தனைகள். இருப்பினும், மாலைநேரத்தில் முறுக்கு வாங்க வருவோர் பத்துப்பேர் தாழ்வாரத்தில் நின்றால், பக்கத்து வீட்டு அம்மையாருக்குக் கதவைத் திறப்பதே பாடாகிவிடும். எண்ணெய்ப் புகை வேறு.

இத்தகைய பிணக்குகளுக்கென 1998ஆம் ஆண்டில் சமூக சமரச நிலையம் திறக்கப்பட்டது. அங்கும் தீராதவற்றை விசாரிக்க 2015ஆம் ஆண்டின் சட்டம் தனியானதொரு மன்றத்தை ஏற்படுத்திற்று. அச்சட்டம் எண்ணிச் சொல்லும் தொல்லைகளுள் இரைச்சல், நாற்றம், புகை ஆகியவற்றோடு அயலார் வீட்டை மறித்தலும் ஒன்றாக இடம்பெற்றிருக்கின்றது. தீ மூண்டால் மக்கள் தப்பிச் செல்வதற்காகத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாய் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. பழைய அளவில் சொல்வதாயின், அது நான்கடிக்குச் சற்றுக் குறைவு.