பூங்காவிலே ஒரு புவிச்சரிதப் பாடம்

புவிச்சரிதவியலை வகுப்பறைக்கு வெளியே கற்பிப்பது புதிய வழக்கமன்று. 1854இல் லண்டனின் தெற்கே சிடன்ஹாமில் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பலஸ் பூங்காவில், அழிந்துபோன விலங்குகளின் முழுவளவுச் சிலைகளை பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி அமைத்தார். அவருக்கு ஆலோசனை கூறியவர் விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் ஓவன். அருகே நிலக்கரி, சுண்ணக்கல் முதலிய பாறைப் படைகளும் வரிசையாக அமைக்கப்பட்டன. உலாவ வந்த சிறுவரும் பூமியின் வரலாற்றை நடந்தே படித்தனர்.

அச்சிலைகளில் பிழைகளும் உண்டு. இகுவானோடனின் மூக்கின்மேல் ஒரு கொம்பு இருக்கிறது. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் சுரங்கத்தில் எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே, அது பெருவிரல் முள்ளென்று தெளிவாயிற்று. சிலையோ அப்படியே நிற்கிறது. அறிவு எவ்வாறு திருத்தம் பெறுகிறதென்பதை அதுவே கற்பிக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சிலைகள் வேண்டியதில்லை. நாம் நிற்கும் நிலமே மயோசீன் காலக் கடலில் படிந்த சுண்ணக்கல். எங்கள் புவியியல் ஆசிரியை எங்களை நிலாவரைக்கு அழைத்துச் சென்று, அக்கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை விளக்கினார். வீட்டுக் கிணற்றில் அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும் என்பது அன்றுதான் மனத்தில் பதிந்தது. புத்தகத்தில் முன்னரே படித்திருந்தோம், நம்பியது அங்கேதான்.

நூற்றாண்டு காணும் நம் பாடசாலையின் இன்றைய மாணவிகளுக்கும் அந்தப் பயணம் கிடைக்க வேண்டும். நாளை அந்தத் தண்ணீரைக் காக்க வேண்டியவர்கள் அவர்களே.