ஜொகூர்: நில அமைப்பும் இயற்கை வளங்களும்

மலாய்த் தீபகற்பத்தின் தென்கோடியில், மேற்கே மலாக்கா நீரிணையும், கிழக்கே தென்சீனக் கடலும், தெற்கே சிங்கப்பூரைப் பிரிக்கும் ஜொகூர் நீரிணையும் சூழ, ஏறத்தாழ 19,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த மாநிலம் ஜொகூர். நிலமுனை எனப் பொருள்படும் ‘ஊஜோங் தானா’ என்ற பழம்பெயர் இதற்கு முற்றும் பொருந்தும். ஆசியப் பெருநிலத்தின் தென்முனையாகிய தஞ்சோங் பியாய் இங்கேதான், அலையாத்திக் காட்டினூடே, கடலோடு கலக்கிறது. இன்றைய பெயர், இரத்தினத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபென்பர்.

1,276 மீட்டர் உயர்ந்த லேடாங் மலையே இம்மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம். ஏனையவை பெரும்பாலும் தாழ்ந்த குன்றுகளும் மேட்டு நிலங்களுமே. மேற்குக் கரையோரம், தழைகள் மக்கி ஆழப் படிந்த கரிய புளிப்பு மண் பரந்துள்ளது. பிற பயிர்கள் எளிதில் தழைக்காத அம்மண்ணில் அன்னாசி செழிப்பதால், பொந்தியான் வட்டாரம் அக்கனிக்குப் பிரசித்தி பெற்றது.

கனிம வளத்தைப் பொறுத்தவரை இம்மாநிலத்தை மகா சம்பன்ன பூமியென்று சொல்வதற்கில்லை. பத்து பகாட்டை அடுத்த ஸ்ரீ மேடானில் 1921 முதல் ஜப்பானியர் இரும்புத்தாது அகழ்ந்தனர். தெலுக் ராமுனியாவில் பாக்சைட் கிடைத்தது. மண்ணின் மேல் விளைந்ததே பெருஞ்செல்வம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர் ஆற்றோரங்களில் காம்பியர்ச் செடியும் மிளகும் பயிரிட்டனர். காம்பியர் இலையைக் காய்ச்சும் அடுப்புகளுக்கு விறகாகியே காடுகள் பல அழிந்தன. பின்னர் ரப்பரும், அதனோடு சிகாமட், குளுவாங் தோட்டங்களுக்குத் தமிழரும் வந்தனர்; இப்பொழுது செம்பனை மேலோங்கியிருக்கிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் பெருமழை பொழிவிக்கும். விடியலில் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் நில்லாது மரமெங்கும் வழியும். பாலேந்தும் கிண்ணமாகிய மங்கில் விழுந்த பாலும் மழைநீர் கலந்து கெடும். ஆதலால் மழைநாள், பால்வெட்டுத் தொழிலாளிக்குக் கூலி குன்றிய நாள். ஆயினும் அம்மழையே இம்மாநிலத்தின் தலையாய வளம். 1962ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 25 கோடி காலன் வரை, ஆயிரம் காலனுக்கு மூன்று காசு வீதம், 2061 வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அவ்விலை மிகச் சொற்பமென்ற மனத்தாங்கல் இக்கரையில் நெடுநாளாக உண்டு. உடன்படிக்கைக்கு முன்பே சிங்கப்பூர்த் தீவு ஜொகூர் நீரை நம்பியிருந்தது: 1942 ஜனவரி 31இல், ஜப்பானியர்முன் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை இரு கரைகளையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தைத் தகர்த்தபோது, அதன்மீது சென்ற தண்ணீர்க் குழாயும் உடைந்தது. இன்று தீவுக்கு நீரூட்டும் அந்த ஜொகூர் ஆறுதான், 2006 டிசம்பரிலும் மறுமாதத்திலுமாக, கோத்தா திங்கி நகரை இருமுறை மூழ்கடித்தது.