மண்டகப்படியும் மக்களும்: மதுரைச் சித்திரை விழா பற்றிய ஓர் ஆய்வு

மணிமேகலையின் முதற்காதை விழாவறை காதை. புகார் நகரத்தில் இந்திர விழா எடுத்தற்குரியது என ஆங்கு முடிவு செய்வோர் யாவர் என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. சமயக்கணக்கரும், காலம் கணிப்போரும், பல மொழி பேசும் மாக்களும், ஐம்பெருங்குழுவினரும், எண்பேராயத்தினரும் ஒருங்கு கூடியே அம்முடிவுக்கு வருகின்றனர். இருபத்தெட்டு நாளும் பகைவரோடும் பூசல் விளையாது விலகியிருக்குமாறு வள்ளுவன் முரசறைந்து கூறுகின்றான். விழா என்பது ஓர் அரசனின் கொடையாகவோ ஒரு கோயிலின் வினையாகவோ மட்டும் அமையாது, ஊரார் பலர் சேர்ந்து ஏற்றுக்கொண்ட பொறுப்பாக அமைந்திருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

புகாரின் விழா காவியத்தில் மட்டுமே இன்று வாழ்கின்றது. பலர் கூடிப் பொறுப்பேற்று எடுக்கும் விழாவின் அமைப்பை இக்காலத்தும் நேரிற் கண்டு ஆராய விரும்புவோர்க்கு மதுரைச் சித்திரை விழாவினும் சிறந்த களம் அரிது. இவ்விழாவினால் ஊர் அடையும் பயனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வணிகத்தையும் கூட்டப் பெருக்கத்தையுமே எடுத்துரைப்பர். அவை மெய்யே, ஆயினும் தலையாய பயன் அவை அல்ல என்பது நம் கருத்து. செலவையும் சிறப்பையும் ஒருங்கே பலர்க்குப் பங்கிட்டளிக்கும் மண்டகப்படி முறையே இவ்விழா ஊருக்குச் செய்துள்ள பெருநன்மை என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

முதற்கண் விழாவின் வரலாறு. இன்று ஒரு விழாவெனக் காணப்படுவது உண்மையில் இரண்டு. ஒன்று, மீனாட்சியம்மையின் முடிசூட்டும் திருமணமும் தேரோட்டமும். மற்றொன்று, மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருமாலிருஞ்சோலையிலிருந்து அழகர் புறப்பட்டுச் சித்திரை முழுமதி நாளில் வைகையாற்றில் இறங்குதல். இவ்விரண்டனையும் அடுத்தடுத்து நிகழுமாறு இணைத்தவர் திருமலை நாயக்கர் (கி.பி. 1623-1659) என்பது மதுரை மக்களின் செவிவழி மரபு. மீனாட்சி திருமணம் முன்னர் மாசித் திங்களில் நிகழ்ந்ததென்றும், அது அறுவடைக் காலமாதலின் பெருந்தேர்களை இழுக்க ஆட்கள் வாராமையால் உழவர் ஓய்ந்திருக்கும் சித்திரைக்கு அது மாற்றப்பட்டதென்றும் அம்மரபு கூறும்.

செவிவழிச் செய்தி என்று இதனை எளிதில் ஒதுக்கிவிடல் இயலாது. கோயிலைச் சூழ்ந்து ஆடி, சித்திரை, ஆவணிமூலம், மாசி என்னும் பெயர்களோடு வீதிகள் ஒன்றன் புறத்தே ஒன்றாக அமைந்துள்ளன. சித்திரைத் தேர் சித்திரை வீதியில் ஓடுவதில்லை. மாசி வீதியிலேயே ஓடுகின்றது. மாதம் மாறியும் வழி மாறவில்லை என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். அழகர் பக்கத்தும் இவ்வாறே ஒரு சான்று உண்டு. அவர் பண்டு சோழவந்தானை அடுத்த தேனூரில் ஆற்றில் இறங்கி, தவளையாகச் சபிக்கப்பட்டிருந்த மண்டூக முனிவர்க்கு விடுதலை அளித்தார் என்பர். இன்று அந்நிகழ்ச்சி மதுரைக்குக் கிழக்கே வண்டியூர்ப் பக்கத்தில் நடைபெறுகின்றது. ஆயினும் அது நடைபெறும் மண்டபத்தின் பெயர் தேனூர் மண்டபம். இடம் பெயர்ந்த விழா தான் விட்டுவந்த ஊரின் பெயரையும் உடன்கொண்டு வந்தது போலும்.

இணைப்பை அரசன் செய்தான் எனினும், அதற்குப் பொருள் தந்தவர் மக்களே. தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு அண்ணனாகிய அழகர் சீர்கொண்டு வந்தார்; வருமுன்னரே மணம் முடிந்தமை கேட்டுச் சினந்து, நகருக்குள் புகாது ஆற்றோடு திரும்பி வண்டியூர் சென்றார் என்பது நாட்டார் கதை. கோயில் மரபோ வேறு. ஆங்குத் தாரைவார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள். அழகர் வருவதோ முனிவர் பொருட்டு. சைவ விழாவுக்கும் வைணவ விழாவுக்கும் இடையே சடங்கில் இல்லாத உறவை ஒரு குடும்பப் பிணக்கின் வாயிலாகப் பொதுமக்கள் படைத்துக்கொண்டனர். அவ்வளவில் நில்லாது, வண்டியூரில் துலுக்க நாச்சியார் இல்லத்தில் அழகர் இரவு தங்குகிறார் எனவும் கதையை விரித்தனர். ஏட்டில் இல்லாத இக்கதையே சிற்றூர் மக்களுக்கு இவ்விழாவின் உயிர்.

இனி மண்டகப்படி. மண்டபப்படி என்பதன் திரிபாகிய இச்சொல், இறைவன் திருவுலாவின்போது ஒரு மண்டபத்தில் தங்க, அப்போது ஆகும் விளக்கு, படையல், அணி, வரவேற்பு முதலியவற்றின் செலவை ஒருவர் அல்லது ஒரு குழுவினர் ஏற்பதனைக் குறிக்கும். ஏற்போர்க்குப் பரிவட்டமும் மாலையும் தீர்த்தமும் மரியாதையாக வழங்கப்பெறும். அழகர் வரும் வழி பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என நீண்டு செல்வது. இவ்வழி நெடுகவும் நகரினுள்ளும் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. கல்மண்டபம் உடையாரும் உளர். ஓலைப்பந்தல் இட்டு நிற்பாரும் உளர். வணிகக் குழுவினர், ஒரு தொழில் செய்வோர், ஒரு சாதியார், ஓர் ஊரார், ஒரு குடும்பத்தார் என உரிமையாளர் பலதிறத்தினர்.

இம்முறையின் நுட்பம் யாதெனின், பெருவிழாவின் சுமை எவர் தலையிலும் முழுதாக வீழ்வதில்லை. அரசு மாறினும், ஒரு செல்வர் குடி நொடிப்பினும் விழா நின்றுவிடுவதில்லை. நாயக்கர் ஆட்சி மறைந்தது. நவாபும் கும்பெனியாரும் ஆண்டு அகன்றனர். அழகர் வருவது நின்றிலது. மேலும், செலவு செய்யும் கடமை அவ்விடத்தில் உரிமையாக மாறிவிடுகின்றது. பந்தல் இடுவோன் பார்வையாளன் அல்லன், விழாவின் பங்காளி. தன் மண்டகப்படியின் பொருட்டு ஆண்டு முழுவதும் வரி தண்டுதலும், கணக்கு வைத்தலும், வெளியூர் சென்ற உறவினரை அழைத்தலும் நிகழ்கின்றன. ஒரு சமூகக் குழு தன்னைத் தான் ஒழுங்கு செய்துகொள்ளும் பயிற்சி இஃது என்க. நீர்மோரும் பானகமும் அன்னமும் வழிநெடுக வழங்கப்படுவது இப்பயிற்சியின் கண்கூடான விளைவு.

பூசல் இல்லாமல் இல்லை. யாருக்கு முதல் மரியாதை, எம்மண்டபத்தில் எவ்வளவு நேரம் என்னும் வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. இதனைக் குறையென்றே கொள்வாரும் உளர். ஆயின் மதிப்பில்லாத ஒன்றிற்காக எவரும் வழக்காடார் அன்றோ?

வணிகத்தைச் சிறிது கூறி அமைவோம். விழாவையொட்டி மாட்டுச்சந்தை கூடுவது மரபாய் இருந்தது. துருத்தியால் நீர் பீய்ச்சி நேர்த்திக்கடன் செலுத்துவோர்க்குத் தோற்பையும் வண்ண உடையும் குல்லாயும் வேண்டும். அவற்றைத் தைக்கும் தொழில் நெடுங்காலம் புதுமண்டபத்தில் நிகழ்ந்து, அண்மையில் கடைகள் இடம் மாற்றப்பட்டன. ஆற்றில் இறங்கும்போது அழகர் உடுத்தும் பட்டின் நிறங்கொண்டு அவ்வாண்டின் விளைச்சலைக் கணிப்பர் உழவர்; பச்சை எனின் மகிழ்வர். இக்கணிப்பிற் பொருளுண்டா என்பதன்று நமக்கு வேண்டுவது. கோயிலின் ஒரு சடங்கை உழவர் தம் கணக்கேட்டோடு சேர்த்துக்கொண்டமையே நோக்கத்தக்கது.

இவ்விழாவின் பயனை எடைபோடுங்கால் மறைத்தற்கியலாத ஒன்று உண்டு. அழகர் கள்ளர் கோலம் பூண்டு வருகின்றார். பேராசிரியர் தொ. பரமசிவன் தம் முனைவர் பட்ட ஆய்வாகிய 'அழகர் கோயில்' (1989) என்னும் நூலில், அக்கோயிலுக்கும் கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் ஆகியோர்க்கும் உள்ள தொடர்பினை விரிவாக ஆராய்ந்துள்ளார். நிலத்தில் உழைத்த மக்களோடு பிணைந்தே இவ்விழா வளர்ந்தது என்பதை அந்நூலைக் கற்போர் உணர்வர். ஆயினும் அவருள் ஒரு சாரார் மதுரைக் கோயிலுக்குள் நுழைய இயலாதிருந்தனர். வீதியில் வரும் இறைவனை அவர்கள் கண்டனர், நீர் பீய்ச்சினர், ஆடினர், உள்ளே செல்லவில்லை. 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் மீனாட்சி கோயிலுக்குள் சென்ற பின்னரே அத்தடை உடைந்தது. வீதியுலா அவர்க்கு ஒரு வாயிலைத் திறந்தது என்பது எவ்வளவு உண்மையோ, மற்றோர் வாயில் மூடியிருந்ததை நெடுநாள் பொறுத்துக்கொள்ளச் செய்தது என்பதும் அவ்வளவு உண்மையாகலாம். விழாவின் பங்கீடு சமன்மை அன்று. சமன்மைக்கு வேறு முயற்சி வேண்டியிருந்தது.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோய் காரணமாக மக்கள் கூடுதல் தடுக்கப்பட்டது. மீனாட்சி திருமணம் கோயிலுக்குள் நடைபெற, மக்கள் இல்லத்திருந்தே ஒளிபரப்பிற் கண்டனர்; அழகர் வைகைக்கு வரவில்லை. சடங்கு குறைவின்றி முடிந்தது எனலாம். மூடிக்கிடந்தவை மண்டகப்படிகளே. 2022இல் அழகர் மீண்டும் ஆற்றில் இறங்கியபோது பெருங்கூட்டம் திரண்டு, நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நெடுவழியிலும் பல நாட்களிலும் மக்களைப் பரப்பி நிறுத்துவது மண்டகப்படி முறையின் இயல்பு. ஆற்றிறங்கும் அந்த ஒரு நொடியே விழா எனக் கருதும் வழக்கம் இன்று மிகுந்து வருவது அவ்வியல்புக்கு மாறானது என நாம் கருதுகின்றோம்.

கல்வெட்டுகளையும் இலக்கியங்களையும் தேடித் தொகுத்த நம் துறையினர், மண்டகப்படி உரிமையாளர்தம் இல்லங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் கிடக்கும் உரிமைப் பத்திரங்கள், வரவு செலவுக் குறிப்புகள், வழக்குத் தீர்ப்புகள் ஆகியவற்றின்பாலும் கருத்துச் செலுத்துதல் வேண்டும். பொய்கைக்கரைப்பட்டி தொடங்கி வண்டியூர் ஈறாக மண்டபம் மண்டபமாகச் சென்று படியெடுத்தால், முதுகலை மாணவர் ஒருவர்க்கு ஈராண்டுப் பணி அது.