யோவான் 1:1 – கிரேக்க மூலச் சொற்களும் தமிழாக்கமும்

சேலம், நாமக்கல் பகுதி ஆலயங்களில் யோவான் நற்செய்தியின் முதல் வசனம் இருவிதமாக வாசிக்கப்படுகிறது. தென்னிந்தியத் திருச்சபையினரின் பழைய மொழிபெயர்ப்பில் ‘வார்த்தை’, ‘தேவன்’ என்று இருப்பவை கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் ‘வாக்கு’, ‘கடவுள்’ என்று உள்ளன. கிரேக்க மூலத்தில் இருப்பவை லோகோஸ், தியோஸ் என்னும் அதே இரு சொற்கள்தாம்.

‘தியோஸ்’ தமிழில் பல பெயர்களைக் கண்டது. நாமக்கல்லை அடுத்த சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் 1623-இல் வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி இறைவனைச் ‘சர்வேசுரன்’ என்று குறித்தார். அவர் விவிலியத்தை மொழிபெயர்க்கவில்லை; ஆனால் அவர் கையாண்ட சொற்கள் கத்தோலிக்க வழக்கில் நெடுங்காலம் நிலைத்தன. கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய சீகன்பால்குவின் நூல் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகி நிறைவுற்றது. பின்வந்த பப்ரிசியஸ் ‘பராபரன்’ என்றார். அவருடைய பாடத்தை ரேனியஸ் திருத்தியபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். மனப்பாடமான வேதச் சொற்களை மாற்றுவது சபையாருக்குச் சிறிய விஷயமல்ல. 1871-இல் முடிந்த பவர் குழுவின் திருத்தம் ‘தேவன்’ என்பதை நிலைநிறுத்தியது. லண்டன் மிஷன் 1827-இல் பணி தொடங்கிய சேலத்திலும் பிற்காலத்தில் அப்பாடமே வழக்கிலிருந்தது. லுத்தரன் சபையார் பப்ரிசியஸையே விடாமல் வைத்திருந்தனர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்றது.

‘லோகோஸ்’ இன்னும் சிக்கலானது. சொல், பேச்சு, கணக்கு, காரணம், அறிவு என்று அதன் பொருள் விரியும். ஹெராக்ளிட்டஸும் ஸ்டோயிக் தத்துவவாதிகளும் உலகை இயக்கும் ஒழுங்கை அச்சொல்லால் சுட்டினர். இலத்தீனில் ‘வெர்பும்’ என்றிருந்ததை எராஸ்மஸ் 1519 பதிப்பில் ‘செர்மோ’ என்று மாற்றியதற்கே கண்டனம் எழுந்தது. தமிழின் ‘வார்த்தை’, ‘வாக்கு’ இரண்டும் வடமொழி வழி வந்தவை. முன்னதன் மூலமான ‘வார்த்தா’ செய்தியைக் குறிப்பது. பின்னது ‘வாக்குத் தவறாதவர்’ என்பதுபோல உறுதிமொழியின் கனத்தையும் தாங்கும். அவ்வகையில் ‘வாக்கு’ சற்றுப் பொருத்தமானது எனலாம். ‘சொல்’ என்ற தனித்தமிழ்ச் சொல்லை இவ்விரு பாடங்களும் எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான இடர்ப்பாடு இலக்கணத்தில் உள்ளது. கிரேக்கத்தில் லோகோஸ் ஆண்பால் பெயர். ஆகவே இரண்டாம் வசனத்தின் ‘ஹூட்டோஸ்’ (இவர்) அதனோடு இயல்பாக இணைகிறது. தமிழில் வார்த்தையும் வாக்கும் அஃறிணை. பழைய மொழிபெயர்ப்பு முதல் வசனத்தை ‘இருந்தது’ என்று முடித்து, அடுத்ததை ‘அவர்’ என்று தொடங்குகிறது. அந்த ‘அவர்’ யார் என்று புதிய வாசகர் திகைக்கக்கூடும். திருவிவிலியம் ‘என்னும்’ என்ற ஒரு சொல்லால் வாக்கையும் அவரையும் பிணைத்துவிடுகிறது.

முதல் வசனத்தின் கடைசித் தொடரில் லோகோஸுக்கு முன் ‘ஹோ’ என்ற சுட்டு வருகிறது. தியோஸுக்கு முன் சுட்டு இல்லை. எது எழுவாய், எது பயனிலை என்பதை இச்சுட்டே காட்டுகிறது. தமிழில் அத்தகைய சுட்டு இல்லாததால் ‘ஆக’ என்னும் ஈறு அவ்வேலையைச் செய்கிறது: ‘தேவனாய்’, ‘கடவுளாயும்’. தியோஸுக்குச் சுட்டு இல்லாமையை வைத்து மேலைநாடுகளில் இன்றும் நடக்கும் வாதம் தமிழ்ப் பாடத்தை மட்டும் படிப்பவர் கண்ணில் படாது.